நஞ்சுக்கு இட்ட நல்ல பெயர்கள்



"போரும் நஞ்சும்" என்பது இவ்வுரைக்குக் குறிக்கப்பெற்ற பொருள். படைக்கலங்களின் வரலாற்றைப் படைத்துறை அறிந்தார் சொல்வதே முறை எனச் சிலர் எண்ணலாம். ஆயின் நச்சுப் படைக்கலங்களின் வரலாற்றில் இலக்கணம் கற்றார் கண்ணூன்றி நோக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. வளியாயினும் நோயாயினும் அணுவாயினும், அவற்றை ஆக்கியோர் முதற்கண் செய்த வேலை அவற்றின் பெயரை மாற்றியதே.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். மாணவர் இதனை நெட்டுருச் செய்து தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு மறந்து போகின்றனர். சுடுகாட்டை நன்காடு என்பதும், கரிய ஆட்டை வெள்ளாடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் குழூஉக்குறி. கடித்தால் உயிர்குடிக்கும் பாம்புக்கு நல்லபாம்பு என்று பெயரிட்டதும், உடலெல்லாம் கொப்புளமாக்கும் நோயை அம்மை என்று தாய்ப்பெயரால் விளித்ததும் அச்சத்தாற் பிறந்த மங்கலங்களே. இவற்றால் எவர்க்கும் தீங்கில்லை. நல்லபாம்பு என்று சொன்னதனால் அதனைக் கையிற் பிடித்தவன் எவனும் இலன். சொல்லுவோனும் கேட்போனும் ஒரே பொருளை அறிந்திருக்கின்றனர். கேட்போன் அறியக்கூடாது என்பதற்காகவே மங்கலமும் குழூஉக்குறியும் ஆளப்படுமாயின் என்ன விளையும் என்பதனைக் கடந்த நூறு ஆண்டுப் போர் வரலாறு காட்டுகின்றது.

முன்னாளைய போர்களில் நஞ்சு இல்லாமற் போகவில்லை. கி.மு. 429இல் தொடங்கிய பிளாட்டேயா நகர முற்றுகையில் எசுபார்த்தர் கந்தகமும் கீலும் இட்டு விறகைக் கொளுத்தியதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடைடீசு எழுதியுள்ளார். கவுடிலியர் பெயரால் வழங்கும் வடமொழிப் பொருள்நூல் தன் 14ஆம் பகுதியில் நச்சுப்புகைக் கூட்டுகளை வரிசையாக அடுக்குகின்றது. அவ்வடமொழியிலேயே மனுநூல் நஞ்சு தோய்த்த அம்பை விலக்குகின்றது என்பதையும் நடுநிலையோடு சொல்லல் வேண்டும். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன், போருக்கு உரியரல்லாத எளியோரும் நோயாளரும் அரண் சேர்ந்துகொள்ளுமாறு அறிவிக்கும் நெறியை நெட்டிமையார் பாடினார். தமிழர் போர் அனைத்தும் அவ்வாறே நடந்ததென்று கொள்வதற்கில்லை. பகைவர் ஊரை எரியூட்டியதும் அப்புறநானூற்றிலேயே உண்டு. எனினும், வருவது இன்னதென்று வாய்திறந்து சொல்லுதல் போரறத்தின் முதற்கூறு என்னும் எண்ணம் அப்பாட்டில் நிற்கின்றது.

இவ்வெண்ணத்திற்கு நேர்மாறானது 1763ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் நிகழ்ந்தது. இன்று பிட்சுபர்க்கு எனப்படும் இடத்தில் ஆங்கிலேயர்க்குப் பிட்டுக்கோட்டை என்றொரு கோட்டை இருந்தது. அந்நாட்டுப் பழங்குடியினர் அதனை முற்றுகையிட்டிருந்தனர். சூன் 24 அன்று தெலாவேர்க் குடியின் தூதர் இருவர் கோட்டையைக் காலிசெய்து போகுமாறு கேட்க வந்தனர். ஆங்கிலேயர் அவர்களை மதிப்போடு வரவேற்று உணவுப் பொருள் அளித்து, இரண்டு கம்பளிகளும் ஒரு பட்டுக் கைக்குட்டையும் பரிசிலாகத் தந்து விடுத்தனர். அவை மூன்றும் கோட்டைக்குள் இருந்த பெரியம்மை மருத்துவமனையில் நோயாளர் பயன்படுத்தியவை. அங்கிருந்த வணிகர் வில்லியம் திரெண்டு இதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி, விரும்பிய பயன் விளையும் என்னும் நம்பிக்கையையும் குறித்தார். அவருடைய வணிக நிறுவனம் இப்பொருள்களின் விலையைக் கேட்டு அனுப்பிய கணக்குச்சீட்டில், பழங்குடியினர்க்குப் பெரியம்மையைக் கொண்டு சேர்க்க எடுத்தவை என்று கரணியமும் எழுதப்பட்டுள்ளது. தூதர்க்குச் சொன்ன சொல் பரிசில். கணக்கேட்டில் எழுதிய சொல் பெரியம்மை. காசு வாங்கும் இடத்தில் மட்டும் உண்மைச்சொல் தேவைப்பட்டது!

பின்னர் அறிவியலின் காலம் வந்தது. 1899இல் நெதர்லாந்து நாட்டு ஏகு நகரில் வல்லரசுகள் கூடி, மூச்சடைக்கும் வளியைப் பரப்புவதையே ஒரே நோக்கமாகக் கொண்ட எறிகுண்டுகளை ஆள்வதில்லை என்று உறுதிமொழி எழுதின. இத்தொடரில் எறிகுண்டு என்னும் சொல்லை நினைவில் இருத்துக. 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள் மாலை, பெல்சிய நாட்டு ஈப்பர் நகர்க்கு அருகே, ஏறத்தாழ ஆறாயிரம் இரும்பு உருளைகளின் வாய்களைச் செருமானியப் படையினர் திறந்துவிட்டனர். நூற்றைம்பது டன்னுக்குக் குறையாத குளோரின், பசுமை கலந்த மஞ்சட் புகையாய், நிலத்தை ஒட்டித் தவழ்ந்து, காற்று வீசிய திசையில் பிரெஞ்சுப் படைவீரரும் அல்சீரிய வீரரும் இருந்த பதுங்குகுழிகளுக்குள் இறங்கிற்று. குளோரின் காற்றினும் இரண்டரை மடங்கு எடையுடையது. ஆதலின் தாழ்வான இடத்தையே நாடும். குண்டுக்கு அஞ்சிக் குழிக்குள் படுத்தவனே முதலில் மாண்டான். அது நுரையீரலின் ஈரத்தோடு கூடிக் காடியாகி உள்ளுறுப்பை அரிக்க, நுரையீரலில் நீர் நிறைந்து, கரையில் கிடந்தபடியே மாந்தன் நீரில் மூழ்கியவனைப்போல் சாகின்றான். நான்கு நாள் கழித்து அங்கே இந்திய இலாகூர்ப் படைப்பிரிவும் இவ்வளிக்கு ஆளாயிற்று. ஏதிலர் போருக்கு ஏதிலர் நாட்டில் உயிர்கொடுத்த அவ்வீரர்க்கு அதன் பெயரை முன்னரே சொன்னவர் எவருமிலர்.

உறுதிமொழி என்னாயிற்று என்ற கேள்விக்குச் செருமானியர் பக்கத்திலிருந்து வந்த விடை இலக்கணவிடை. எறிகுண்டு விலக்கப்பட்டது, எறியப்பட்டது எதுவுமில்லை, உருளையைத் திறந்தோம், காற்று கொண்டு சென்றது என்பது அவர்கள் வாதம். சட்டத்தில் எழுதிய ஒரு சொல்லின் எல்லைக்கு வெளியே கால்வைத்து ஆயிரக்கணக்கானோர் உயிரைக் குலைத்தனர். அவ்வேலைக்கு அவர்கள் சூட்டியிருந்த மறைபெயரோ தொற்றுநீக்கம்!

இதனைக் கண்டு கொதித்தெழுந்த ஆங்கிலேயர் ஐந்தே திங்களில் தாமும் அதனையே செய்தனர். செப்தம்பர் 25 அன்று இலூசு என்னுமிடத்தில் ஏறத்தாழ நூற்று நாற்பது டன் குளோரினைத் திறந்துவிட்டனர். வளி என்ற சொல்லை எவரும் எழுதலாகாது, பேசலாகாது என்று முன்னரே ஆணை பிறந்திருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "துணைப்பொருள்". துணைப்பொருளைக் கையாள எழுந்த படைக்குச் "சிறப்புப் படை" என்று பெயர். அன்று சில இடங்களில் காற்று திரும்பி வீசவே, துணைப்பொருள் தன்னை ஏவியவர் மேலேயே பாய்ந்தது. காற்றுக்குக் குழூஉக்குறி தெரியாது.

ஈப்பரில் நின்று வளிப்படையை இயக்கிய வேதியியலார் பிரிட்சு ஏபர். காற்றிலிருந்து நைட்ரசனைப் பிரித்து அம்மோனியா ஆக்கும் வழியைக் கண்டவரும் அவரே. இன்று உலகின் கழனிகளில் இடப்படும் தழைச்சத்து உரம் அவ்வழியில் வந்தது. அதன்பொருட்டு 1918ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசும் அவரைச் சேர்ந்தது. அவர் மனைவி கிளாரா இம்மர்வார் தாமும் வேதியியலில் பண்டாரகர் பட்டம் பெற்றவர். ஈப்பர் நிகழ்ச்சிக்குப் பத்து நாள் கழித்து, மே 2ஆம் நாள், கணவரின் கைத்துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். அச்சாவின் கரணியம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏபரின் நாட்டுப்பற்றோ அவருக்கே கை கொடுக்கவில்லை. யூதராய்ப் பிறந்தமையால் 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் இறந்தார். அவர் தொடங்கிவைத்த ஆய்வின் வழியில் பூச்சிகொல்லியாக உருவான "சைக்குளோன் பி" என்னும் நச்சுப்பொருளைக் கொண்டு இட்லரின் ஆட்கள் யூதரை நூறாயிரக்கணக்கில் கொன்றனர். பூச்சிகொல்லி என்னும் பெயர் மட்டும் மாறவேயில்லை. அந்நஞ்சு நிரம்பிய அறைக்குக் குளியலறை என்று பெயர் சொல்லி அவர்களை உள்ளே விட்டனர்.

முதல் உலகப்போர் முடிவதற்குள் குளோரினை அடுத்துப் பாசுசீனும், தோலைக் கொப்புளமாக்கும் கடுகுவளியும் வந்தன. நச்சுவளியால் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர். ஊறுபட்டோர் பன்னிரண்டு இலக்கத்திற்கும் மேற்பட்டோர். இவ்வளவும் நடந்த பிறகே 1925 சூன் 17 அன்று செனீவா நகரில், நச்சுவளியையும் நோய்நுண்மிகளையும் போரில் ஆள்வதை விலக்கும் உடன்படிக்கை எழுந்தது. அதில் ஆளுதல் விலக்கப்பட்டது. ஆக்குதலும் சேர்த்துவைத்தலும் விலக்கப்படவில்லை. கையெழுத்திட்ட இத்தாலியே 1935-36இல் எத்தியோப்பியாவின் மேல் வானூர்திகளிலிருந்து கடுகுவளியைப் பொழிந்தது. வெறுங்காலோடு நடந்த மக்கள் நனைந்த புல்லை மிதித்தே வெந்தனர். பேரரசர் ஐலே செலாசி 1936 சூனில் உலக நாடுகளின் அவையில் நேரில் நின்று முறையிட்டார். அவை கேட்டுக்கொண்டு கலைந்தது. இத்தாலிய அரசு இதனை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1996ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

பெயர்மாற்றத்தின் கொடுமுடி சப்பானியர் மஞ்சூரியாவில் செய்தது. ஆர்பின் நகர்க்கு அருகில் சிரோ இசீ என்னும் படைமருத்துவரின் கீழ் இயங்கிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை "நோய்த்தடுப்பு, நீர்த்தூய்மைத் துறை". உலகம் இன்று அதனை 731ஆம் பிரிவு என்று அறியும். நோயைத் தடுப்பதாகச் சொன்ன இடத்தில் கொள்ளைநோயும் வாந்திபேதியும் அடைப்பான்நோயும் வளர்க்கப்பட்டன. சிறைப்பட்ட சீனரையும் கொரியரையும் உருசியரையும் வைத்து அந்நோய்களை ஆய்ந்தனர். உயிரோடு அறுத்துப் பார்த்தனர். அங்கே மடிந்தோர் மூவாயிரத்திற்குக் குறையார் என்பர். அவ்வாறு ஆய்வுக்கு உள்ளானவர்க்கு அங்கிருந்தோர் வைத்த பெயர் "மருத்தா", அதாவது மரக்கட்டை. மாந்தனை மரம் என்று சொல்லப் பழகிய நாவுக்கு, அடுத்து வரும் வினைச்சொல் எதுவாயினும் கூசாது. 1940 அக்தோபரில் நிங்போ நகர்மேல் இவர்கள் வானூர்தியிலிருந்து போட்டது கூலமும் கொள்ளைநோய்த் தெள்ளும். போர் முடிந்தபின், ஆய்வுக் குறிப்புகளைத் தமக்குத் தந்தமைக்கு மாற்றாக அமெரிக்கர் இசீ முதலியோரை வழக்கின்றி விட்டுவிட்டனர். சப்பானிய நெறிமன்றம் ஒன்று இந்நோய்ப்போர் நடந்ததை ஒப்பியது 2002இல்.

இவ்விடத்தில் ஒன்று. இத்தகைய கருவியை உயிரியல் படைக்கலம் என்று நூல்களில் எழுதுகின்றனர். வேற்றுமொழிச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த பிழை இது. கொல்லும் கருவியின் பெயரில் உயிர் எதற்கு? நோய்ப் படைக்கலம் என்றால் ஆறு அகவைப் பிள்ளைக்கும் விளங்கும். விசவாயு என்று செய்தித்தாள் எழுதும். நச்சுவளி என்றால் நாப்பிறழாது.

இனி, பெயரை மறைத்ததே உயிரைக் கொன்ற கதை. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

இத்தாலியின் கீழ்க்கரையில் பாரி என்றொரு துறைமுகம் உண்டு. பறம்பின் கோமான் பெயரோடு ஒலியொத்ததேயன்றி அவ்வூர்க்கும் அவர்க்கும் தொடர்பில்லை. 1943 திசம்பர் 2ஆம் நாள் இரவு நேசப்படைகளின் கப்பல்கள் அத்துறையில் நெருங்கி நின்றன. அவற்றுள் ஒன்று சான் ஆர்வி என்னும் அமெரிக்கக் கப்பல். செருமானியர் நச்சுவளியை ஏவினால் திருப்பி ஏவுதற்கென்று அதில் ஏறத்தாழ 2,000 கடுகுவளிக் குண்டுகள் கமுக்கமாக ஏற்றப்பட்டிருந்தன. செருமானிய வானூர்திகள் நூறு திடுமென வந்து குண்டு பொழிந்தன. கப்பல்கள் வெடித்தன, சான் ஆர்வியும் சிதறியது, அதில் உள்ள சரக்கு இன்னதென்று அறிந்த கப்பலார் அனைவரும் அக்கணமே மாண்டனர். கடுகுநஞ்சு துறைமுக நீரில் மிதந்த எண்ணெயோடு கலந்தது. கப்பலினின்று குதித்த மாலுமிகள் அவ்வெண்ணெயில் நீந்திக் கரையேறினர்.

மருத்துவமனையில் அவர்களை நீரில் மூழ்கிக் குளிரால் நடுங்குவோர் என்றே கருதினர். எண்ணெய் தோய்ந்த ஆடையைக் களையாமல் கம்பளியைச் சுற்றி, சூடான தேநீர் கொடுத்து உட்காரவைத்தனர். தாதியர் கனிவோடுதான் செய்தனர். கடுகுநஞ்சுக்கு மருத்துவம் ஆடையைக் களைந்து உடலைக் கழுவுதல். மணிக்கணக்கில் மேனியோடு ஒட்டியிருக்க விடுதல் அதற்கு உணவிடுதலை ஒக்கும். விடியற்காலையில் கண்கள் வீங்கி மூடின. தோல் கொப்புளமெழுந்து உரிந்தது. பூண்டு நாற்றம் அடிப்பதாகச் சிலர் முன்னரே சொல்லியிருந்தனர். வெளிக்காயம் ஏதுமின்றி, நலமாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணித்துளியில் உயிர்விட்டனர். மருத்துவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னும் அறியப்படாத தோல்நோய்" என்று நோயாளர் ஏட்டில் எழுதினர். துறைமுக அலுவலரோ அப்படி ஒரு சரக்கு வரவேயில்லை என்று சாதித்தனர்.

அல்சியர்சு நகரத் தலைமையகத்திலிருந்து சுடுவர்ட்டு அலெக்சாந்தர் என்னும் அமெரிக்க மருத்துவர் வந்து சேர்ந்தபோது ஐந்து நாள் கழிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் நாற்றத்தைக் கொண்டே அவர் ஐயுற்றார். எந்தக் கப்பலார் எத்தனைபேர் இறந்தனர் என்று கணக்கெடுத்து, துறைமுகப் படத்தில் குறித்துப் பார்த்தார். சாவுகள் சான் ஆர்வி நின்ற இடத்தைச் சூழ்ந்தே இருந்தன. நீர்மூழ்கியொருவர் கடலடியிலிருந்து எடுத்து வந்த குண்டுத்துண்டில் கடுகுநஞ்சு இருந்தது. அவர் அதன் பெயரை எழுதி அறிக்கை விடுத்தார். ஆங்கிலத் தலைமையமைச்சர் சர்ச்சில் அதனை ஏற்க மறுத்தார். ஆங்கிலேயர் ஏடுகளில் கடுகுவளி என்னும் பெயர் நீக்கப்பட்டு, பகைவர் தாக்குதலால் ஏற்பட்ட தீப்புண் என்று எழுதப்பட்டது. கடுகுநஞ்சால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 628 பேர். அவருள் 83 பேர் அத்திங்களிலேயே மடிந்தனர். நகரத்துப் பொதுமக்களுள் மாண்டவரை எண்ணியவர் இலர். பகைவன் ஏவாத நஞ்சால், தம் அரசே ஏற்றிவந்த நஞ்சால், அதன் பெயர் தெரியாமையால் மாண்டவர் இவர்கள். எஞ்சி வாழ்ந்த ஆங்கில மாலுமிகளுக்கு உங்கள் மேனியில் பட்டது நச்சுவளியே என்று அவர்கள் அரசு ஒப்புக்கொண்டு ஓய்வூதியத்தைத் திருத்தியது 1986இல். நாற்பத்து மூன்று ஆண்டு! இறந்தவர் குருதியில் வெள்ளணுக்கள் அழிந்திருந்ததை அலெக்சாந்தர் குறித்துவைத்தது பின்னர்ப் புற்றுநோய் மருத்துவத்திற்குத் துணைசெய்தது என்பது தனிச்செய்தி.

பொதுவுடைமை நாட்டிலும் இது நடந்தது. 1979 ஏப்பிரலில் சோவியத்து நாட்டுச் சுவெர்தலோவ்சுக்கு நகரில் படைத்துறைக் கூடம் ஒன்றிலிருந்து அடைப்பான்நோய்த் துகள் காற்றில் கசிந்து, குறைந்தது 66 பேர் மாண்டனர். நோய்ப்படைக்கலங்களை ஆக்கவும் கூடாது என்று 1972இல் எழுந்த உடன்படிக்கையில் அந்நாடு கையெழுத்திட்டிருந்தது. ஆகவே கெட்ட இறைச்சி தின்றதால் வந்த நோய் என்று அரசு சொல்லிற்று. பிண ஆய்வு செய்த அப்ராமோவா, கிரின்பெர்க்கு என்னும் மருத்துவர் இருவர்க்கு நோய் வயிற்றில் அன்று, மூச்சுறுப்பில் புகுந்தது என்று தெரிந்தது. மறைக்காவல் துறையினர் ஏடுகளைக் கவர்ந்து சென்றபோதும் அவர்கள் தசைக்கூறுகளை ஒளித்துவைத்துக் காத்தனர். 1992இல் எல்ட்சின் உண்மையை ஒப்பியபின், அத்தசைக்கூறுகளே சான்றாயின. மூச்சுறுப்பை இறைச்சி என்று அரசு எழுதிய பொய்யைப் பதின்மூன்று ஆண்டு கழித்து அவை திருத்தின.

வியட்நாமின் காடுகளையும் கழனிகளையும் 1971 வரை பத்தாண்டுக்காலம் கருக்கிய ஏழு கோடி இலிட்டருக்கு மேற்பட்ட நஞ்சுக்கு அமெரிக்கர் இட்ட பெயர், பீப்பாயில் தீட்டிய வண்ணப்பட்டையின் பெயர். செம்மஞ்சள் என்றால் யாருக்கு அஞ்சத் தோன்றும்? 1988 மார்ச்சு 16 அன்று ஈராக்கின் அலப்சா நகரில் சதாம் உசேனின் வானூர்திகள் குர்து மக்கள் ஐயாயிரவரை நச்சுவளியால் கொன்றன. அவ்வரசின் ஏடுகளில் நச்சுவளி இல்லை. "சிறப்புக் குண்டு" உண்டு. இலூசில் ஆங்கிலேயர் ஆண்ட அதே "சிறப்பு"!

தில்லி அரசும் இக்கலையில் பின்தங்கவில்லை. 1974 மே 18 அன்று பொக்ரான் பாலையில் வெடித்த அணுக்குண்டுக்கு அமைதி வழிப்பட்ட அணுவெடிப்பு என்று பெயர் கூறினர். "புத்தர் சிரிக்கின்றார்" என்பது அதன் மறைபெயர். கொல்லாமையை ஊரூராய் நடந்து சொன்ன பெருமானைக் குண்டின்மேல் சிரிக்கவைத்த துணிவு வியத்தற்குரியது. 1992இல் பாக்கித்தானோடு சேர்ந்து, நச்சுவளிப் படைக்கலங்களை ஆக்குவதுமில்லை வைத்திருப்பதுமில்லை என்று அறிக்கை விடுத்த அதே அரசு, 1997இல் தன்னிடம் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கடுகுநஞ்சு உள்ளது என்று உலகவைக்கு அறிவித்தது. அதனைச் சேர்த்துவைத்த செலவு எந்த வரவு செலவுத் திட்டத்தில் என்ன பெயரில் எழுதப்பட்டதோ! அது 2009இல் முற்றும் அழிக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவ்வறிவிப்புக்கு இடம்செய்தது 1993இல் கையெழுத்தாகி 1997 ஏப்பிரல் 29 முதல் நடப்புக்கு வந்த உடன்படிக்கை. 1899இல் விட்ட பிழையை அது விடவில்லை. ஆளுதல், ஆக்குதல், சேர்த்தல், பிறர்க்குத் தருதல் அனைத்தையும் விலக்கியது. நச்சுப்பொருள்களைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டது. தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்க்கும் ஆய்வாளரையும் அமர்த்தியது. அமெரிக்கா தான் அறிவித்த இருப்பின் கடைசிக் குண்டை 2023 சூலையில் அழித்தது. நோய்ப்படைக்கல உடன்படிக்கைக்கு இத்தகைய ஆய்வாளர் இல்லை. ஆகவேதான் அது இன்றும் வெறுந்தாளாய் நிற்கின்றது. பட்டியலிட்டபின்னும் 2013இல் சிரியாவின் கூத்தாப் பகுதியில் சாரின் நஞ்சு மக்களைக் கொன்றது. ஆயினும் இம்முறை ஐக்கிய நாடுகளின் ஆய்வாளர் சில நாளில் உள்ளே சென்று, சாரின் என்று பெயர் சொல்லி எழுதினர். இத்தாலி ஒப்புவதற்கு அறுபதாண்டு ஆனதையும் இதனையும் ஒப்பிட்டுக் காண்க.

அணுக்குண்டின் செய்தி கடைசியாகச் சொல்லத்தக்கது. ஏனெனில் அங்கே பெயர்ப்போர் இன்னும் முடியவில்லை. 1945 ஆகசுட்டு 6ஆம் நாள் காலை எட்டேகால் மணிக்கு இரோசிமாவின்மேல் விழுந்த குண்டின் பெயர் "சின்னப்பையன்". மூன்று நாள் கழித்து நாகசாகியின்மேல் விழுந்தது "தடியன்". அவ்வாண்டு முடிவதற்குள் இரோசிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் 70,000க்கு மேற்பட்டோரும் மாண்டனர். குடியரசுத் தலைவர் திரூமன் அறிக்கையில் இரோசிமா ஒரு படைத்தளமாகக் குறிக்கப்பட்டது. செப்தம்பர்த் தொடக்கத்தில் வில்பிரட்டு பர்செட்டு என்னும் ஆத்திரேலியச் செய்தியாளர் எவர் இசைவும் பெறாமல் தொடர்வண்டியேறி இரோசிமா சென்றார். காயமே படாதவர் மயிர் உதிர்ந்து, ஈறில் குருதி கசிந்து இறந்துகொண்டிருப்பதைக் கண்டார். இடிபாட்டில் அமர்ந்து அவர் தட்டச்சு செய்த கட்டுரை செப்தம்பர் 5 அன்று இலண்டனில் வெளிவந்தது. அதன் தலைப்பில் அணுக் கொள்ளைநோய் என்ற சொல் இருந்தது. அச்சொல்லைக் கண்டதும் அமெரிக்கப் படைத்துறை பதறிற்று. கதிரியக்கம் எதுவும் அங்கில்லை என்று எட்டு நாளில் நியூயார்க்குச் செய்தித்தாள் ஒன்று தலைப்பிட்டு எழுதிற்று. சப்பானியச் செய்தித்தாள்கள் இதுபற்றி எழுதக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. குண்டாக்கும் பணிக்குத் தலைவராயிருந்த படைத்தலைவர் குரோவ்சு, அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க மேலவைக் குழுமுன், கதிரால் நேரும் சாவு மிக இனிமையான சாவு என மருத்துவர் கூறுவதாகச் சொன்னார். நன்னூல் உரைகாரர் எவர்க்கும் இப்படியொரு மங்கலம் கிடைத்திருக்காது.

ஆயினும் சப்பானிய எளியமக்கள் தம் தாய்மொழியில் தாமே பெயரிட்டனர். 1954 மார்ச்சு 1 அன்று பிக்கினித் திட்டில் அமெரிக்கர் வெடித்த நீரகக்குண்டின் வெண்துகள், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த படகொன்றின் 23 பேர் மேல் பனிபோல் விழுந்தது. அமெரிக்க அலுவலர் அதற்கு வைத்த சொல் வீழ்துகள். சப்பானியர் அதனைச் சாவுச் சாம்பல் என்றனர். அப்படகின் வானொலிப் பணியாளர் குபோயாமா செப்தம்பரில் இறந்தார். சாவுச் சாம்பல் என்ற சொல் வீடுதோறும் பரவ, குண்டு வேண்டா எனக் கையெழுத்திட்டோர் தொகை கோடிகளைக் கடந்தது. இரு நகரங்களிலும் உயிர்தப்பியோர் தம்மை இபாகுசா என்றழைத்தனர். குண்டுக்கு ஆட்பட்டோர் என்பது பொருள். வேலை மறுக்கப்பட்டும் மணம் மறுக்கப்பட்டும் அப்பெயரை மறைத்து வாழ்ந்தோர் பலர். 1956இல் அவர்கள் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி, ஊர் ஊராய், நாடு நாடாய்ச் சென்று அப்பெயரைச் சொல்லியே பேசினர். அக்கூட்டமைப்புக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

2017 சூலை 7 அன்று ஐக்கிய நாடுகளின் அவையில் 122 நாடுகள் வாக்களித்து, அணுப்படைக்கலங்களை அறவே விலக்கும் உடன்படிக்கையை ஏற்றன. 2021 சனவரி 22 முதல் அது நடப்பிலுள்ளது. அணுக்குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுள் ஒன்றும் அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை, குண்டுக்கு இரையான சப்பானிய அரசே சேரவில்லை. ஆயினும் அவ்வுடன்படிக்கையின் முன்னுரையில், குண்டால் துன்புற்றோரைச் சொல்லுமிடத்தில், ஆங்கிலச் சொல்லை அடுத்து, மருத்துவமனைப் பாயில் கிடந்தோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட அச்சப்பானியச் சொல்லும், இபாகுசா என்றே, பொறிக்கப்பட்டுள்ளது.